ஆப்பிள் நியூட்டனைத் தெரியும்... நாணய நியூட்டனைத் தெரியுமா?

நியூட்டன் என்றதும் உங்கள் மனசுக்குள் என்ன வரும்? ஆப்பிள் மரம், புவியீர்ப்பு விசை, பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த மூன்று விதிகள். அவ்வளவுதானே? ஆனால், பிரிட்டனின் பழைய நாணயங்களைச் சேகரிக்கிற ஒருவரிடம் போய் அதே பெயரைச் சொல்லிப் பாருங்கள். ஆப்பிள் பக்கமே போக மாட்டார். கிரவுன், ஷில்லிங், சிக்ஸ்பென்ஸ், கினி என்று ஆரம்பித்து, உங்கள் போனில் சார்ஜ் தீரும் வரை பேசிக்கொண்டே இருப்பார்.

காரணம் இருக்கு. ஐசக் நியூட்டன் தன் வாழ்க்கையின் கடைசி 31 ஆண்டுகளை லண்டன் நாணயச்சாலையின் அதிகாரியாகத்தான் கழித்தார். இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் போட்டி போட்டுக்கொண்டு தேடுகிற பல நாணயங்கள் அவருடைய கண்காணிப்பில் அடிக்கப்பட்டவை. எந்த நாணயத்தை ஏன் தேடுகிறார்கள் என்று கேட்டால், அந்த பதிலுக்குள்ளேயே நியூட்டனின் பாதி வாழ்க்கை வந்துவிடும். வாங்க, அந்தக் கதையைப் பார்ப்போம்.

பிழைக்குமா என்று சந்தேகப்பட்ட குழந்தை

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் வூல்ஸ்தார்ப் என்று ஒரு சின்ன கிராமம். 1642-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று, அப்போதைய ஆங்கில நாள்காட்டிப்படி, நியூட்டன் அங்கே பிறந்தார். குறைமாதக் குழந்தை. பிழைக்குமா என்றே வீட்டில் யாருக்கும் நம்பிக்கை இல்லை. அப்பா மூன்று மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டார். மகனுக்கு மூன்று வயதானபோது அம்மா மறுமணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட, பாட்டியிடம்தான் வளர்ந்தார். யாரையும் எளிதில் நம்பாத, தனிமையை விரும்பிய மனிதராக அவர் ஆனதற்கு விதை அங்கேயே விழுந்திருக்கலாம்.

1661-ல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். கட்டணத்துக்குப் பதிலாக மற்றவர்களுக்குச் சின்னச் சின்ன வேலைகள் செய்து படிக்கும் மாணவராகத்தான் உள்ளே போனார். 1665-ல் பிளேக் பரவியபோது கல்லூரியை மூடிவிட்டார்கள். நாம் பார்த்த லாக்டவுன் மாதிரிதான். அந்த ஓய்வில் வூல்ஸ்தார்ப்பில் உட்கார்ந்துகொண்டு ஒளி, கணிதம், ஈர்ப்பு விசை என்று மூன்று பக்கமும் யோசித்தார். 26 வயதில் பேராசிரியர். 1687-ல் பிரின்சிபியா நூல் வெளியானது. ஐரோப்பா முழுவதும் அவர் பெயர் பரவியது.

இத்தனை புகழுக்குப் பிறகு, 1693-ல் மனதளவில் மிகவும் உடைந்துபோனார். தூக்கம் இல்லை. நண்பர்கள் மேலேயே சந்தேகப்பட்டுக் கோபமாகக் கடிதம் எழுதினார். அதிலிருந்து மெல்ல மீண்டபோது, கேம்பிரிட்ஜை விட்டுக் கிளம்பினால் போதும் என்ற மனநிலை வந்திருந்தது. சரியாக அந்த நேரத்தில்தான் நிதியமைச்சராக இருந்த நண்பர் சார்லஸ் மான்டேகுவிடமிருந்து ஒரு வேலை வாய்ப்பு வந்தது. லண்டன் டவர் கோட்டைக்குள் இருந்த நாணயச்சாலையின் வார்டன் பதவி. அது 1696-ம் ஆண்டு. நியூட்டனுக்கு வயது 53.

பெரிய வேலை எதுவும் இருக்காது, சும்மா சம்பளம் வரும். அந்தப் பதவியைப் பற்றி ஊரே அப்படித்தான் நினைத்திருந்தது. நியூட்டன் அப்படி நினைக்கவில்லை.

ஓரம் வெட்டினால் காசு

அன்றைய இங்கிலாந்தின் நிலைமை என்ன தெரியுமா? கையில் இருக்கிற காசை யாருமே நம்பவில்லை.

1662-க்கு முன்பு வரை புழக்கத்துக்கு வந்த நாணயங்கள் பெரும்பாலும் சுத்தியலால் அடிக்கப்பட்டவை. வட்டமாகவே இருக்காது. ஓரம் எங்கே முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. கத்தரிக்கோலை எடுத்து ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிக்கொண்டு, மிச்சத்தை அதே மதிப்புக்குக் கடையில் கொடுத்துவிடலாம். வெட்டிய துண்டுகளைச் சேர்த்து உருக்கினால் வெள்ளிக்கட்டி. இது ராஜத்துரோகம், பிடிபட்டால் மரண தண்டனை. ஆனாலும் நிற்கவில்லை. 1690-களின் நடுவில் புழக்கத்தில் இருந்த பழைய வெள்ளிக் காசுகளில், இருக்க வேண்டிய எடையில் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சியிருந்தது.

1662-க்குப் பிறகு இயந்திரத்தில் அடித்த நாணயங்கள் வந்தன. அழகான வட்டம். சின்ன நாணயங்களின் விளிம்பில் வரிகள். கிரவுன் போன்ற பெரிய நாணயங்களின் விளிம்பில் எழுத்துகள். அலங்காரமும் பாதுகாப்பும் ஒன்றாகச் சேர்ந்தது என்று பொருள்படும் ஒரு லத்தீன் வாசகம் அங்கே பொறிக்கப்பட்டது. ஓரத்தை வெட்டினால் உடனே தெரிந்துவிடும். விளிம்பு வரிகளைக் கண்டுபிடித்ததே நியூட்டன்தான் என்று நீங்கள் எங்காவது ரீல்ஸில் பார்த்திருக்கலாம். அது சரியில்லை. அவர் வருவதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே அந்த முறை நடைமுறைக்கு வந்துவிட்டது.

அப்புறம் என்னதான் பிரச்னை? பழைய வெட்டுக்காசும் புதிய முழுக்காசும் ஒரே நேரத்தில் புழங்கின. கடையில் இரண்டுக்கும் ஒரே மதிப்பு. உங்களிடம் இரண்டும் இருந்தால் எதைச் செலவு செய்வீர்கள்? வெட்டுக்காசைத்தானே? எல்லோரும் அதையே செய்தார்கள். நல்ல காசு பெட்டிக்குள் போனது, இல்லையென்றால் உருக்கப்பட்டு கடல் தாண்டிப் போனது. அந்த நேரத்தில் இங்கிலாந்து பிரான்ஸுடன் போரில் இருந்தது. படைவீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க அரசனிடமே உருப்படியான காசு இல்லை.

ஒரு குட்டிக் கணக்கு

மேலே போவதற்கு முன், அந்தக் காலக் கணக்கை ஒரு முறை பார்த்துவிடுவோம். நம்ம ஊரில் ரூபாய், அணா, பைசா என்று தாத்தா சொல்வாரே, அதே மாதிரிதான். 12 பென்னி சேர்ந்தால் ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுண்டு. பென்னியில் கால் பங்கு ஃபார்திங். அரை ஷில்லிங்தான் சிக்ஸ்பென்ஸ். ஐந்து ஷில்லிங் ஒரு கிரவுன், அதில் பாதி அரை கிரவுன். இவற்றில் ஃபார்திங் செம்பு, சிக்ஸ்பென்ஸிலிருந்து கிரவுன் வரை வெள்ளி. கினி மட்டும் தங்கம். ஆப்பிரிக்காவின் கினி கடற்கரையிலிருந்து வந்த தங்கத்தால் அந்தப் பெயர்.

கினி 22 காரட். நீங்கள் நகைக்கடையில் கேட்கிற 916 தங்கத்தின் அதே தரம். இந்த 12, 20 கணக்கெல்லாம் 1971-ல் பிரிட்டன் தசம முறைக்கு மாறும் வரை ஓடியது.

காசை எல்லாம் உருக்கு!

1696-ல் அரசு எடுத்த முடிவு ரொம்பப் பெரியது. நாட்டில் இருக்கிற பழைய வெள்ளிக் காசு மொத்தத்தையும் திரும்ப வாங்கி, உருக்கி, புதிதாக அடிப்பது. வரலாற்றில் இதற்குப் பெயர் மகா மறுநாணயமாக்கம். செலவுக்காக ஜன்னல்களுக்கு வரி போட்டார்கள். ஆமாங்க, வீட்டு ஜன்னலுக்கு! வரிக்குப் பயந்து மக்கள் செங்கல் வைத்து அடைத்த ஜன்னல்களை இங்கிலாந்தின் பழைய வீடுகளில் இன்றும் பார்க்கலாம். அந்த வரி 1851 வரை நீடித்தது.

நியூட்டன் வந்து சேர்ந்தபோது நாணயச்சாலை திணறிக்கொண்டிருந்தது. மேலதிகாரியான மாஸ்டர் தாமஸ் நீல் வேலையில் அக்கறை இல்லாதவர். நியூட்டன் என்ன செய்தார்? ஆய்வுக்கூடத்தில் செய்வதையே இங்கேயும் செய்தார். ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது, எத்தனை ஆள் தேவை, எத்தனை குதிரை தேவை என்று எழுதி வைத்துக் கணக்குப் போட்டார். வெள்ளித் தகட்டைத் தட்டையாக்கும் உருளைகளைக் குதிரைகள் சுற்றி இழுத்தன. அச்சு இயந்திரத்தின் நீளமான கையை ஆட்கள் பிடித்துச் சுழற்ற, இன்னொருவர் உள்ளே கையை விட்டு வெற்று வட்டுகளை வைத்து எடுப்பார். ஒரு நொடி பிசகினால் விரல் போய்விடும். அதிகாலை 4 மணிக்கு ஆரம்பித்து நள்ளிரவு வரை வேலை. நிமிடத்துக்கு 50 தடவைக்கும் மேல் அந்த அச்சு இறங்கியது. 1699-க்குள் 60 லட்சம் பவுண்டுக்கும் அதிகமான மதிப்புள்ள வெள்ளி, புது நாணயமாக வெளியே வந்தது.

லண்டன் மட்டும் போதாது என்று பிரிஸ்டல், செஸ்டர், எக்ஸிட்டர், நார்விச், யார்க் ஆகிய ஐந்து நகரங்களில் தற்காலிக நாணயச்சாலைகள் திறக்கப்பட்டன. செஸ்டரில் துணைக் கணக்காளராகப் போனவர் யார் தெரியுமா? வால்நட்சத்திரத்துக்குத் தன் பெயரைத் தந்த எட்மண்ட் ஹாலி. நியூட்டன்தான் அவருக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தார்.

சிக்ஸ்பென்ஸும் ஷில்லிங்கும் ஏன் முதல் சாய்ஸ்?

இங்கேதான் சேகரிப்பாளர்கள் உள்ளே வருகிறார்கள். அந்த ஐந்து ஊர்களில் அடித்த நாணயங்களில் மூன்றாம் வில்லியம் அரசரின் உருவத்துக்குக் கீழே அந்தந்த ஊரின் முதல் ஆங்கில எழுத்து சின்னதாக இருக்கும். பிரிஸ்டலுக்கு பி, செஸ்டருக்கு சி, எக்ஸிட்டருக்கு இ, நார்விச்சுக்கு என், யார்க்குக்கு ஒய். எழுத்து இல்லையென்றால் லண்டன். ஆறு நாணயம் சேர்த்தால் ஒரு செட் முழுமை. விளையாட்டில் ஒரு லெவல் முடித்த சந்தோஷம்!

சிக்ஸ்பென்ஸ், ஷில்லிங், அரை கிரவுன் மூன்றிலும் இந்த ஊர் எழுத்துகள் உண்டு. மூன்றில் சிக்ஸ்பென்ஸும் ஷில்லிங்கும்தான் புதியவர்களுக்குப் பிடித்தவை. அவசரத்தில் மலைமலையாக அடித்ததால் 300 வருடங்களுக்குப் பிறகும் நிறையவே கிடைக்கின்றன. தேய்ந்த நிலையில் உள்ளவை கைக்கு எட்டுகிற விலையிலேயே வரும். நியூட்டனின் காலத்தைத் தொட்டுப் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. அரை கிரவுன் கதை வேறு. கைக்குக் கை அதிகம் மாறிய காசு என்பதால் முகமே தெரியாத அளவுக்குத் தேய்ந்தவைதான் அதிகம். நல்ல நிலையில் ஒன்று வந்தால் விலை சட்டென்று ஏறிவிடும்.

சிக்ஸ்பென்ஸுக்கு இன்னொரு கதையும் இருக்கு. கொஞ்சம் ரொமான்டிக்கானது. மெல்லிய காசு என்பதால் கையாலேயே வளைக்க முடியும். அந்தக் கால இளைஞர்கள் அதை இரண்டு இடத்தில் மடக்கி, பாம்பு போல வளைத்துக் காதலிக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். மடங்கிய காசைக் கடையில் செலவு செய்ய முடியாது. அதுதான் அந்தப் பரிசின் அர்த்தமே. இங்கிலாந்தின் வயல்களில் உலோகம் தேடும் கருவியோடு அலைகிறவர்களுக்கு இப்படி வளைந்த வில்லியம் காலத்து சிக்ஸ்பென்ஸுகள் இப்போதும் கிடைக்கின்றன. கைவிட்டதா, தொலைத்ததா? காசு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

யாருக்கு நஷ்டம்?

மறுநாணயமாக்கம் எல்லோருக்கும் நன்றாக முடியவில்லை. வெட்டுக்காசை முழு மதிப்புக்கு வரியாகக் கட்டலாம் என்று 1696 மே 4 வரை அரசு அவகாசம் கொடுத்தது. பெரிய தொகை வரி கட்டுகிறவர்கள் தப்பித்தார்கள். வரி கட்டும் அளவுக்கு வசதியில்லாத கூலித் தொழிலாளி என்ன செய்வார்? கையில் இருந்த காசைக் கடைக்காரர் எடையில் மட்டுமே வாங்கினார். புதுக்காசு வர மாதக்கணக்கானது. ரொட்டி வாங்கச் சில்லறை இல்லாமல் ஏழைகள் தவித்தார்கள். நியூட்டன் அவ்வளவு அவசரமாக அச்சு இயந்திரங்களை ஓட்டியதன் பின்னணி இதுதான்.

கள்ளக்காசு ராஜாவும் விஞ்ஞானியும்

வார்டன் பதவியில் நியூட்டனுக்குப் பிடிக்காத ஒரு பொறுப்பு இருந்தது. கள்ளக்காசு அடிப்பவர்களைப் பிடித்து வழக்கு நடத்துவது. இது என்னால் முடியாது, வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று 1696-லேயே கருவூலத்துக்கு எழுதிக் கேட்டார். கிடைக்கவில்லை. செய்துதான் ஆக வேண்டும் என்று ஆனதும், ஈர்ப்பு விசையைத் துரத்திய அதே பிடிவாதத்தோடு இதிலும் இறங்கிவிட்டார். மதுக்கடைகளுக்குப் போனார். சிறைக்குள் போய் உட்கார்ந்தார். உளவாளிகளுக்குக் காசு கொடுத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட வாக்குமூலங்களை வாங்கினார்.

அவர் வலையில் சிக்கியவர்களில் பெரிய மீன் வில்லியம் சாலோனர். ஆணி செய்யும் தொழிலாளியிடம் வேலை கற்றவன். அங்கிருந்து கினி, பிஸ்டோல் எனத் தங்க நாணயங்களைப் போலியாகச் செய்யும் அளவுக்கு வளர்ந்து, பெரிய மனிதர் மாதிரி உடுத்திக்கொண்டு லண்டனில் வலம் வந்தான். பேங்க் ஆஃப் இங்கிலாந்து 1694-ல் தொடங்கியது. அடுத்த வருடமே அதன் நோட்டைப் போலியாக அடித்தான். மாட்டியபோது கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்து அதற்கும் வெகுமதி வாங்கிக்கொண்டான்!

அதோடு நின்றிருந்தால் தப்பித்திருப்பானோ என்னவோ. 1697-ல் நாடாளுமன்றக் குழு முன்பு போய், நாணயச்சாலையில் இருப்பவர்களுக்குத் திறமை போதாது, என்னை உள்ளே விட்டால் கள்ளக்காசே அடிக்க முடியாத வழியைக் காட்டுகிறேன் என்று வாதம் செய்தான். திருடனே பூட்டுக்கடைக்கு வழிகாட்ட வந்த கதை. நியூட்டன் அவனை உள்ளே விடவே இல்லை. அந்த அவமானத்தையும் மறக்கவில்லை. அடுத்த ஒன்றரை வருடம் அவனுடைய பழைய கூட்டாளிகள், அவர்களின் மனைவிகள், சிறையில் பக்கத்தில் படுத்திருந்தவர்கள் என்று ஒவ்வொருவராகப் பிடித்துச் சாட்சி சேர்த்தார். 1699 மார்ச் மாதம் தீர்ப்பு. சாலோனர் சிறையிலிருந்து நியூட்டனுக்கே உருக்கமாகக் கடிதம் எழுதி உயிர்ப்பிச்சை கேட்டான். அவர் மனம் மாறவில்லை. அதே மாதம் டைபர்னில் தூக்கிலிடப்பட்டான்.

இந்த இடத்தில் உங்களுக்குக் கொஞ்சம் நெருடுகிறதா? நெருடத்தான் செய்யும். அன்றைய சட்டத்தில் காசு வெட்டியதற்காகவும் மரண தண்டனைதான். பசிக்காகச் செய்தவர்களும் அதில் இருந்தார்கள். அந்தச் சட்டத்தை நியூட்டன் கேள்வி கேட்கவில்லை, கணக்கு மாதிரி நடத்தி முடித்தார். அந்த விசாரணைக் காகிதங்களில் பெட்டி பெட்டியாகப் பலவற்றை அவர் பிற்காலத்தில் எரித்துவிட்டார் என்று, அவருடைய சகோதரி மகளை மணந்த ஜான் கான்ட்யூட் குறிப்பிட்டிருக்கிறார். ஏன் எரித்தார்? அதற்கு அவர் எந்த விளக்கமும் விட்டுச் செல்லவில்லை.

கிரவுனும் விகோ கினியும்

1699 கடைசியில் தாமஸ் நீல் இறந்தார். நியூட்டன் நாணயச்சாலையின் மாஸ்டர் ஆனார். அடிக்கப்படும் ஒவ்வொரு பவுண்டு எடைக்கும் மாஸ்டருக்குப் பங்கு உண்டு. சாதாரணக் குடும்பத்துப் பையன் இப்போது பணக்காரர். 1703-ல் ராயல் சொசைட்டியின் தலைவர். 1705-ல் ஆன் அரசி கேம்பிரிட்ஜுக்கே வந்து சர் பட்டம் கொடுத்தார்.

அந்த அரசி காலத்து நாணயங்களில்தான் சேகரிப்பாளர்களின் கனவுக் காசு இருக்கு. 1702 அக்டோபரில் ஸ்பெயினின் விகோ துறைமுகத்தில் ஆங்கிலேய, டச்சுக் கப்பற்படைகள் ஸ்பானியப் புதையல் கப்பல்களைத் தாக்கின. கைப்பற்றிய வெள்ளியும் தங்கமும் நியூட்டனிடம் வந்தன. அவற்றில் அடித்த நாணயங்களில் அரசியின் உருவத்துக்குக் கீழே விகோ என்று பொறிக்கச் சொன்னது அரண்மனை. இன்றைய மொழியில் சொன்னால், வெற்றியை நாடு முழுக்க ஃபார்வர்டு செய்யும் வழி.

வெள்ளி ஓரளவு வந்திருந்தது. அதனால் விகோ ஷில்லிங்கும் சிக்ஸ்பென்ஸும் இன்றும் தேடினால் கிடைக்கும். தங்கமோ ஏறக்குறைய 3 கிலோதான். அதில் அடித்த ஐந்து கினி நாணயங்கள் சுமார் 20 இருக்கலாம் என்பது நிபுணர்களின் கணிப்பு. ஒவ்வொன்றும் 41 கிராமுக்கு மேல். அதாவது ஐந்து சவரன் தங்கம் ஒரே காசில்! ஏலத்துக்கு எப்போதாவது ஒன்று வந்தால் பல லட்சம் பவுண்டுக்குப் போகிறது. அதிலுள்ள தங்கத்தின் விலை அதில் ஒரு சிறு துளிதான். மிச்சமெல்லாம் அந்த நான்கு எழுத்துக்கும் அரிய தன்மைக்கும்.

தங்கத்துக்கு எட்டாதவர்கள் எதை விரும்புகிறார்கள்? கிரவுனைத்தான். சுமார் 38 மில்லிமீட்டர் அகலம், 30 கிராம் எடை. உள்ளங்கையில் வைத்தாலே ஒரு கெத்து. பெரிய பரப்பு என்பதால் அச்சு செதுக்குபவரின் திறமை முழுசாகத் தெரியும். கூந்தல் சுருள், ஆடை மடிப்பு எல்லாம் தெளிவாக இருக்கும். விளிம்பில் எழுத்து வேறு. அன்றாடச் செலவுக்கு மதிப்பு அதிகமான காசு என்பதால் சின்ன நாணயங்களை விடக் குறைவாகவே அடித்தார்கள். இதற்கு விதிவிலக்கு 1696-ம் ஆண்டு கிரவுன். மறுநாணயமாக்கத்தில் ஏராளமாக அடித்ததால், பழைய கிரவுன் ஒன்றாவது வேண்டும் என்கிறவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

கால் காசு கிளப்பிய வதந்தி

எல்லாவற்றிலும் சின்ன நாணயமான ஃபார்திங்கைச் சேகரிப்பாளர்கள் பொதுவாக அவ்வளவாகக் கண்டுகொள்ள மாட்டார்கள். செம்பு சீக்கிரம் கறுத்துவிடும், அரித்துவிடும். ஆனால், ஒரே ஒரு ஃபார்திங்குக்கு மட்டும் தனி மவுசு. அதுவும் நியூட்டன் காலத்தது.

செம்புக் காசும் தரமாக இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். செம்பைச் சிவக்கக் காய்ச்சி, சுத்தியலால் அடித்துத் தட்டையாக்கும்போது விரிசல் விடக் கூடாது. அதுதான் அவர் வைத்த சோதனை. 1713, 1714-ல் ஆன் அரசியின் உருவத்தோடு மாதிரி ஃபார்திங்குகள் தயாராயின. பெரிய அளவில் அடிப்பதற்குள் 1714 ஆகஸ்ட் 1-ம் தேதி அரசி இறந்துவிட்டார். அடித்தவரை சில நூறு காசுகள் வெளியே நின்றுவிட்டன.

பிறகு கிளம்பியது ஒரு வதந்தி. மூன்றே மூன்று ஃபார்திங்தான் அடித்தார்கள், ஒன்று தொலைந்துபோனது, கிடைத்தால் பெரும் பணம்! வாட்ஸ்அப் இல்லாத காலத்திலேயே அது நூறு வருடங்களுக்கு மேல் ஓடியது. தேய்ந்த காசை எடுத்துக்கொண்டு எத்தனையோ பேர் வெகுதூரத்திலிருந்து பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு நடையாய் நடந்து, ஏமாந்து திரும்பினார்கள். அந்த ஃபார்திங் உண்மையிலேயே அரியதுதான், நல்ல விலையும் உண்டு. ஆனால், குடும்பத்தையே மாற்றும் புதையல் கிடையாது.

21 ஷில்லிங் ரகசியம்

1717-ல் நியூட்டன் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். இந்தியாவும் அதில் வருகிறது. இங்கிலாந்தில் ஒரு பங்கு தங்கத்துக்கு 15 பங்குக்கும் மேல் வெள்ளி கொடுக்க வேண்டும். இந்தியாவில் 12 பங்கு போதும். சீனாவிலும் ஜப்பானிலும் இன்னும் குறைவு. அதாவது, கிழக்கே வெள்ளிக்கு மதிப்பு அதிகம். வணிகர்கள் சும்மா இருப்பார்களா? இங்கிலாந்தின் வெள்ளி கப்பல் கப்பலாகக் கிழக்கே போனது.

கினியின் மதிப்பைக் குறைத்தால் இது மட்டுப்படும் என்று நியூட்டன் கணக்குப் போட்டார். அந்த டிசம்பரில் ஒரு கினிக்கு 21 ஷில்லிங் என்று அரசாணை வந்தது. ஆனாலும் தங்கத்தின் மதிப்பு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே நின்றுவிட, வெள்ளி வெளியேறுவது தொடர்ந்தது. இங்கிலாந்து தன்னையறியாமல் தங்கத்தை நம்பும் நாடாக மாறியது. முழு எடை வெள்ளிக் காசுகள் உருகிப்போனதால்தான், அந்தக் காலத்து வெள்ளி நாணயம் ஒன்று அடித்தபடி பளிச்சென்று கிடைத்தால் சேகரிப்பாளர்கள் விடவே மாட்டார்கள்.

கினியை அவர்கள் விரும்புவதற்குத் தனிக் காரணம் உண்டு. தங்கம் கறுக்காது, அரிக்காது. 1663 முதல் 1813 வரை 150 வருட வரலாறு. உருவத்துக்குக் கீழே இருக்கும் குறியை வைத்தே தங்கம் வந்த வழியைச் சொல்லிவிடலாம். யானையும் கோட்டையும் இருந்தால் ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனி கொண்டுவந்த தங்கம். அழகான குறிதான். ஆனால், அதே கம்பெனிதான் ஆப்பிரிக்க மக்களைப் பிடித்து அடிமைகளாக விற்றது. அந்தக் கினியைக் கையில் எடுக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

கணக்கில் புலி, பங்குச்சந்தையில்?

1720-ல் சவுத் சீ கம்பெனியின் பங்கு விலை வானத்தைத் தொட்டது. நியூட்டன் முதலில் வாங்கி, லாபத்தோடு விற்று வெளியே வந்தார். அப்புறமும் விலை ஏறிக்கொண்டே போவதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் உச்சத்தில் மறுபடி உள்ளே போனார். பங்கு சரிந்தது. பெரும் தொகை போனது. கிரிப்டோவில் கை சுட்டுக்கொண்ட நண்பர் யாராவது உங்களுக்கு இருந்தால், அவருக்கு இந்தப் பத்தியை மட்டும் அனுப்பி வையுங்கள். உலகின் மிகச்சிறந்த மூளைக்கே அந்த நிலைமை.

விதியின் வேடிக்கையைப் பாருங்கள். 1723-ல் அதே கம்பெனி கொண்டுவந்த வெள்ளி நியூட்டனின் நாணயச்சாலைக்கே வந்தது. அதில் அடித்த நாணயங்களின் பின்பக்கம் எஸ் எஸ் சி என்று கம்பெனியின் முதலெழுத்துகள் இருக்கும். தன் பணத்தை விழுங்கிய கம்பெனியின் பெயரைத் தன் மேற்பார்வையிலேயே ஆயிரக்கணக்கில் பொறிக்க வேண்டியிருந்தது. அந்த ஷில்லிங் இன்றும் எளிதில் கிடைக்கும், பலருடைய தொகுப்பில் முதலிடத்தில் இருக்கும். நல்ல கதை சொல்லும் காசுக்கு எப்போதுமே மவுசு உண்டு.

கடைசிவரை காசோடு

நியூட்டன் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1727 மார்ச் 20-ம் தேதி, 84 வயதில், கென்சிங்டனில் இறந்தார். அன்றைக்கும் அவர்தான் நாணயச்சாலையின் மாஸ்டர். அடுத்து அந்த நாற்காலிக்கு வந்தவர், மேலே பார்த்த அதே கான்ட்யூட். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இருக்கும் நியூட்டனின் நினைவுச்சின்னத்தில் தொலைநோக்கி, பட்டகம் ஆகியவற்றோடு நாணயச்சாலை வேலையையும் செதுக்கியிருக்கிறார்கள்.

கினி போய் 1817-ல் சவரன் வந்தது. நம் வீட்டில் தங்கத்தைச் சவரன், பவுன் என்று எடை சொல்கிறோமே, அந்தச் சொற்கள் அங்கிருந்துதான் வந்தன. எட்டு கிராமுக்குக் கொஞ்சம்தான் குறைவு, அதே 22 காரட். பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் கடைசி ஒரு பவுண்டு நோட்டில் நியூட்டன் இருந்தார். 2017-ல் அவர் நினைவாக 50 பென்ஸ் நாணயம் வந்தது, 18 லட்சம் அளவுக்கு. சில்லறையிலேயே கிடைப்பதால் இன்றைய பிரிட்டன் இளைஞர்கள் அதிகம் சேகரிப்பது 50 பென்ஸைத்தான்.

நீங்களும் ஆரம்பிக்கலாமா?

தாராளமாக! நாலு விஷயம் மட்டும் மனசில் வையுங்கள்.

ஒன்று, பழைய காசைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். புளி, எலுமிச்சை, பல்பொடி எதுவும் வேண்டாம். பல ஆண்டுகளாகப் படிந்த நிறம் போனால் மதிப்பும் போய்விடும்.

இரண்டு, எடையையும் விளிம்பையும் பாருங்கள். சிக்ஸ்பென்ஸ் 3 கிராம், ஷில்லிங் 6 கிராம், கிரவுன் 30 கிராம். தேய்மானத்தால் கொஞ்சம் குறையலாம். ரொம்ப வித்தியாசம் இருந்தால் உஷார். சாலோனரின் வாரிசுகள் இன்னும் இருக்கிறார்கள், இப்போது ஆன்லைனில்.

மூன்று, உங்களிடம் இருக்கும் காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று யாராவது சொன்னால் அந்த நம்பரை பிளாக் செய்துவிடுங்கள். ரிசர்வ் வங்கியே 2021-ல் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. மூன்றே மூன்று ஃபார்திங் கதையை நம்பி நடந்தவர்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு, விலைக்காக மட்டும் வாங்காதீர்கள். கதைக்காக வாங்குங்கள். தேய்ந்துபோன ஒரு 1696 சிக்ஸ்பென்ஸ் போதும். யாரோ ஒரு தொழிலாளி அதற்காகத் தன் விரலைப் பணயம் வைத்திருப்பார். யாரோ ஒருவர் அதைக் கொடுத்து ரொட்டி வாங்கியிருப்பார். அது சரியான எடையில் இருக்கிறதா என்று கவலைப்பட்டுக்கொண்டு, டவர் கோட்டைக்குள் ஐசக் நியூட்டன் விழித்திருந்திருப்பார்.